விடாது கருப்பு: ஆம்பூர் பஸ்ஸில் நடந்த வழக்கு

2024 நவம்பரில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அன்று எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் அவருடைய நாவல்களைப் பற்றியவை அல்ல. எல்லாம் ஒரே விஷயம்தான். 'மர்மதேசம்', அதிலும் 'விடாது கருப்பு'. கூடவே பழைய சண்டையும் கிளம்பிவிட்டது. கடைசியில் கருப்புசாமி வந்தாரா, வரவில்லையா? முடிவு சரியா, சப்பையா? ஓய்வு பெற்ற என் அலுவலக நண்பர்கள், எழுபதைத் தாண்டியவர்கள், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அதை விடவில்லை. தலைப்பு பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சண்டை எங்கள் பக்கத்தில் எப்படி நடந்தது, அதில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இளைய வாசகர்களுக்காக முதலில் சில விவரங்கள். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதற்கு முன் நமக்கெல்லாம் தூர்தர்ஷன்தான். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்திய தலைமுறை நாம். கேபிள் வந்த பிறகு சீரியல்கள் பெருகின. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி வந்தது 'மர்மதேசம்'. ஒரே கதை நீண்டுகொண்டு போகாது. ஒரு கதை முடிந்ததும் வேறு ஊர், வேறு மனிதர்கள் என்று அடுத்தது தொடங்கும். முதலில் 'ரகசியம்'. சித்தர்கள், நவபாஷாண லிங்கம், ராத்திரியில் யாரும் போகக்கூடாத கோயில். இரண்டாவது 'விடாது கருப்பு', 1997ஐ ஒட்டிய காலம். பிறகு ராஜ் டிவிக்கு மாறி 'சொர்ண ரேகை', 'இயந்திர பறவை', 'எதுவும் நடக்கும்'. ஆக மொத்தம் ஐந்து. பின்னால் வந்த மூன்றைப் பற்றி எங்கள் பஸ்ஸில் யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை. சண்டை போடாத சீரியலை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள்.

பஸ் என்று சொன்னேனே, அது ஆம்பூர் - வேலூர் பஸ். என் மனைவி ஆம்பூரில் பள்ளி ஆசிரியை, நான் வேலூர் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தன். அதனால் குடித்தனம் ஆம்பூரில். காலையில் பள்ளிகொண்டா தாண்டி சத்துவாச்சாரிக்கு, சாயந்தரம் திரும்ப. கூட வருபவர்கள் கோர்ட் குமாஸ்தா, ஆஸ்பத்திரி ஊழியர், தோல் கம்பெனி கணக்கர், கல்லூரிப் பையன்கள். 'விடாது கருப்பு' வந்த மறுநாள் காலையில் அந்த பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்பதே காதில் விழாது.

கதை தெற்கத்திச் சீமைக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. ஊருக்குக் காவல் கருப்புசாமி. தப்பு செய்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் தண்டனை விழுகிறது. ராத்திரியில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் பழைய காலம், ஒரு பக்கம் இன்றைய காலம் என்று கதை மாறி மாறிப் போகும். அதைப் பின்தொடர முதலில் எங்களுக்குச் சிரமமாக இருந்தது. சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். பிற்பாடு அவர்கள் நிஜத்திலும் தம்பதி ஆனார்கள்.

எங்கள் வட ஆற்காட்டில் கருப்புசாமி அவ்வளவாகக் கிடையாது. இங்கே முனீஸ்வரன், ஐயனார், கெங்கையம்மன். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி அம்மன் சிரசு ஊர்வலம் பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர் பக்தியின் வேகம் தெரியும். ஆகவே எங்கள் ஜனம் கருப்பைப் பார்த்ததும் ஒரு மொழிபெயர்ப்பு செய்துகொண்டது. "அவுங்க ஊர்ல கருப்பு, நம்ம ஊர்ல முனீஸ்வரன்." முடிந்தது. பஸ்ஸில் வரும் தோல் கம்பெனி பாய் ஒருவர், தொழுகையைத் தவறவிடாதவர், ஒரு எபிசோடும் விடமாட்டார். "எங்க வீட்டம்மா ஜின்னுன்றாங்க, உங்க வீட்டம்மா சாமின்றாங்க, குதிர ஒண்ணுதானே சார்" என்பார்.

முடிவு வந்தது. தண்டித்தது குதிரை ஏறி வந்த தெய்வம் அல்ல, பிளவுபட்ட ஒரு மனித மனம் என்று கதை அவிழ்ந்தது. யாருடைய மனம் என்று சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கலாம். ஒரே உடம்பில் இரண்டு ஆள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இன்று 'அந்நியன்', 'சந்திரமுகி' பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பழைய சாதம். ஆனால் அந்த இரண்டு படமும் 2005ல்தான் வந்தன. ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' 1993லேயே மலையாளத்தில் வந்துவிட்டது, ஆனால் ஆம்பூரில் யார் பார்த்தார்கள்? எங்களுக்கு 'மல்டிபிள் பெர்சனாலிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தது இந்த சீரியல்தான். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994லேயே அந்தப் பெயரை மாற்றிவிட்டது. நமக்குப் பழைய பெயர் புதிதாக வந்து சேர்ந்தது. அரசாணைகளும் அப்படித்தானே வரும்.

மறுநாள் பஸ் இரண்டாகப் பிரிந்தது. கல்லூரிப் பையன்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒரு பக்கம்: "சூப்பர், சயின்ஸ்படி முடிச்சான்." மற்றவர்கள் முகத்தில் ஏமாற்றம். ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னா சார் இது, இத்தன வாரம் சாமி சாமின்னு காட்டிட்டு, கடசில பைத்தியம்னுட்டானுங்களே!"

முதல் கட்சி பகுத்தறிவு, இரண்டாம் கட்சி மூடநம்பிக்கை என்று அன்றைக்குப் பலரும் பிரித்தார்கள். பத்திரிகை படிக்கிறவர்கள் இன்றும் அப்படித்தான் பிரிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் தோல் விஷயமும் கொஞ்சம் பிரெஞ்சு விஷயமும் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் விஷயம் இது. 1991ல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுக்கிறது என்று வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. கெடுத்தவன் ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தை 1996 அக்டோபர் 31க்குள் கலெக்டர் அலுவலகத்தில் கட்டவேண்டும் என்று உத்தரவு. அப்போது மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர். அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் எத்தனை கோப்பு, எத்தனை கடிதம், எத்தனை நினைவூட்டு என்று கேட்காதீர்கள். பாலாற்றங்கரையில் தென்னை பட்டுப்போன விவசாயி மனு கொடுப்பார், நான் பதிவு எண் போடுவேன், "மேல்நடவடிக்கைக்கு" என்று எழுதுவேன். அவர் அந்த எண்ணை எழுதிய துண்டுச் சீட்டை மடித்து மடித்து வைத்திருப்பார். அடுத்த மாதம் அதே சீட்டு, கசங்கி.

இப்படி நடந்த ஊரில், ஒரு வருஷம் கழித்து டிவியில் ஒரு தெய்வம் வருகிறது. மனு வேண்டாம். பதிவு எண் வேண்டாம். தப்பு செய்தவன் வீட்டு வாசலில் ராத்திரி குளம்புச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். "பாலாத்துக்கு ஒரு கருப்பு வந்தா தேவலணா" என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் என்னிடமே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த ஜனங்களிடம் கடைசியில் "கருப்பு இல்லை, அது நோய்" என்று சொன்னால் அவர்கள் எதை இழக்கிறார்கள்? பேயை அல்ல. ஒரு நீதிபதியை.

பிரெஞ்சு விஷயம். நான் புதுச்சேரியில் பாட்டி வீட்டில் தங்கி பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954ல் கொடி மாறிய பிறகும் அந்தப் பள்ளிகள் நடந்தன. எங்கள் மெத்ரு, அதாவது வாத்தியார், மொப்பசானின் 'ல ஓர்லா' கதையைப் பாடமாக நடத்தினார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன்னை ஆட்டிவைப்பதாக ஒருவன் சொல்கிறான். அவன் பைத்தியமா, அந்த ஒன்று உண்மையா? மொப்பசான் இதை இரண்டு முறை எழுதினார். 1886ல் எழுதியதில் நோயாளி மருத்துவர்கள் முன்னால் தன் கதையைச் சொல்கிறான். கேட்டு முடித்த மருத்துவரே இவன் பைத்தியமா, நாம் இருவருமே பைத்தியமா, இல்லை அது நிஜமாகவே வந்துவிட்டதா என்று தீர்மானிக்க முடியாமல் நிற்கிறார். 1887ல் எழுதியதில் மருத்துவர் இல்லை, நாட்குறிப்பு மட்டும். தீர்ப்பு நம் கையில். எழுதியவரே பிறகு புத்தி பேதலித்து 1893ல் பாரிஸில் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார் என்று மெத்ரு சொன்னபோது வகுப்பே அடங்கிவிட்டது.

1965 மார்ச்சில் பிரெஞ்சு டிவியில் நான்கு சனிக்கிழமை 'பெல்ஃபெகோர்' என்ற தொடர் வந்தது. லூவ்ர் மியூசியத்தில் ராத்திரி நடமாடும் பூதம். பாரிஸில் இருந்த என் சித்தப்பா கடிதத்தில் அதைப் பக்கம் பக்கமாக எழுதினார். கடைசியில் அங்கேயும் முகமூடிக்குள் இருந்தது மனிதப் பிறவிதான். "இவ்வளவுதானா?" என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார். ஆக, இந்தச் சண்டை ஆம்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுகதை படிக்கிறவன் அரை மணி நேரம் செலவழித்தவன், அவனுக்கு முடிவு சொல்லாமல் விடலாம். வாரக்கணக்கில் காத்திருந்த டிவி ஜனத்துக்கு முடிவு கொடுத்தே ஆகவேண்டும். எதைக் கொடுத்தாலும் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

இனி நான் சொல்லவந்த முக்கியமான சங்கதி. பெயர், தெரு எல்லாம் வேண்டாம்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். மூத்த பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. அப்பா இல்லை. சம்பளக் கவரை பெரியப்பா வாங்கி வைத்துக்கொள்வார், கல்யாணத்துக்குச் சேர்க்கிறேன் என்று. அந்தப் பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 'விடாது கருப்பு' பாதி ஓடியிருக்கும்போது அவளுக்கு அருள் வர ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் கண் செருகும், குரல் ஆண் குரலாகும். முனீஸ்வரன் என்று பாட்டி வேப்பிலையோடு உட்கார்ந்தாள். சீரியல் பார்த்துக் கெட்டுப்போனாள் என்று என் மனைவி உட்படப் பலரும் பேசினார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் குரல் என்ன பேசியது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. "என் பிள்ள ஒழச்ச காசு எங்கடா?" என்று பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டது. எத்தனை மாதம், எவ்வளவு என்று கணக்குச் சொன்னது. எழுத்தனான எனக்கே ஆச்சரியம், கூட்டல் சரியாக இருந்தது.

பெரியப்பா வெலவெலத்துப்போனார். மறுநாளே கொஞ்சம் பணமும், அடகில் இருந்த ஒரு ஜோடிக் கம்மலும் வீடு திரும்பின. மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்று சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சொன்னார்.

பிறகு சீரியலின் முடிவு ஒளிபரப்பானது. அடுத்த தவணைக்கு ஆள் அனுப்பியபோது பெரியப்பா சொன்ன பதில் தெருவுக்கே தெரியும்: "டிவிலயே சொல்ட்டான் பாத்தீங்கல்ல? சாமியும் கெடயாது ஒண்ணும் கெடயாது, மனநோயி. பாகாயத்துக்குக் கூட்டினு போங்க."

பாகாயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே இருக்கிறது. எங்கள் பக்கம் அது ஊர்ப் பெயராக இல்லாமல் வசவாகவே ஆகிவிட்டது.

பாட்டி அன்றைக்கு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். "நோவுன்னு சொன்னா வைத்தியம் பாத்துக்கலாம் சாமி. ஆனா நோவுன்னுட்டா அவ கேட்ட காசும் நோவுல கேட்டதா ஆயிடுதே!" மனநல மருத்துவம், சமூகவியல் என்று பின்னால் எவ்வளவோ படித்தேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அந்த முடிவு சிலருக்குப் பயத்திலிருந்து விடுதலை. வேறு சிலருக்கு அது வாயை அடைத்த துணி. ஒரே காட்சி.

கடைசியில் பாகாயத்துக்கும் போனார்கள். நானும் ஒரு முறை துணைக்குப் போனேன். அங்கே நோயாளியை மட்டும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதில்லை, வீட்டார் கூடவே தங்கவேண்டும். 1950களின் கடைசியிலிருந்தே அங்கே அதுதான் முறை. நாட்டுக்கே அது முன்மாதிரி. பேய் என்றோ பொய் என்றோ மருத்துவர் சொல்லவில்லை. அம்மாவையும் பாட்டியையும் உட்காரவைத்து, அந்தக் குரல் என்ன கேட்டது என்றே விசாரித்தார். சம்பளக் கவர் விஷயம் அங்கே மருத்துவக் குறிப்பில் ஏறியது. இனி கவரைப் பெண்ணே வாங்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 1992ல் வெளியான பத்தாம் பதிப்பிலேயே, அருள் வருவதற்கும் ஆவி பிடிப்பதற்கும் தனி எண் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். சடங்கிலும் திருவிழாவிலும் வருவது அதில் சேராது, விரும்பாமல் வந்து வாழ்க்கையைக் குலைப்பதுதான் நோய். நம் நாட்டில் மருத்துவர்கள் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். சீரியலில் காட்டிய இரட்டை ஆள் நோய் இங்கே அபூர்வம்.

பாட்டி முனீஸ்வரனுக்குப் பொங்கலும் வைத்தாள். இரண்டில் எதனால் குணமானது என்று அந்த வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி. பெரியப்பா மீதிப் பணத்தைக் கடைசிவரை தரவில்லை.

"நோய் என்று சொன்னது தப்பு" என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். தர்காவின் மேல் பழி இல்லை, பணம் வாங்கிக்கொண்டு கட்டிப்போட்டவர்கள் வேறு ஆட்கள். அதற்குப் பிறகு அரசு அந்தக் காப்பகங்களை மூடியது, உச்ச நீதிமன்றமும் தானாகவே வழக்கை எடுத்தது. செய்தி வந்த நாளில் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அந்த பாய் மட்டும், "சீரியல்ல வர்ற டாக்டரம்மா மாதிரி ஒருத்தரு அங்க போயிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முடிவு சப்பை என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் பிறகு நாடி ஜோசியத்தை வைத்து 'சிதம்பர ரகசியம்' கொடுத்தார்கள், நன்றாகவே ஓடியது. 2010ல் நாகா 'அனந்தபுரத்து வீடு' என்று ஒரு படம் எடுத்தார். அதில் ஆவிகள் நிஜம், ஆனால் நல்ல ஆவிகள், பிள்ளையைக் காக்கிற பெற்றோர். அதைப் பார்த்தபோது, பதின்மூன்று வருஷம் கழித்து மறு கட்சிக்கு நஷ்டஈடு கொடுக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். என் கற்பனைதான்.

இப்போது 'விடாது கருப்பு' யூடியூபில் கிடைக்கிறது. போன கோடை விடுமுறையில் என் பேரன் மூன்றே ராத்திரியில் முழுவதையும் பார்த்து முடித்தான். ஒரு வாரம் காத்திருந்து, நடுவில் கரண்ட் போய், பக்கத்து வீட்டில் கதை கேட்டு நாங்கள் பார்த்ததை அவன் பிஸ்கட் தின்பதுபோலத் தின்றான். முடிவு எப்படி என்று கேட்டேன். "டாக்டர் சொல்றதெல்லாம் ஓகே தாத்தா, எல்லாப் படத்துலயும் வர்றதுதான். குதிரைதான் செம" என்றான். சமையலறையிலிருந்து என் மனைவி, "அந்தப் பொண்ணோட மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம், பத்திரிகை வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். பெரியவர்கள் பெயர் வரிசையில் பெரியப்பா வீட்டார் பெயர் இல்லை.